இஸ்பஹானை நான் பார்த்ததே இல்லை

தம்பி,

நீ கேட்டதை நான் எழுதித் தரப்போவதில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் சிரிப்பாய், "சரிம்மா, சரிம்மா" என்பாய், பக்கத்திலிருந்து உன் மனைவி ஏதோ கேட்பாள், நானும் சமாதானமாகிவிடுவேன். இந்த அறுபத்து நாலு வயதுவரை அப்படிச் சமாதானமாகியே வந்தவள் நான். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் பொறுமையாக உட்கார்ந்து கடைசிவரை படி.

போன வாரம் நீங்கள் இருவரும் சேர்ந்து தயாரித்த இணையப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். மேலே ஒரு நீலக் குவிமாடம். அதன் கீழே என் படம், உன் கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு எடுத்தது. 'இருபது ஆண்டுகள் பாரசீகக் கைவினைஞர்களோடு பழகியவர், இரண்டு முறை ஈரான் சென்று வந்தவர்' என்று என்னைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கும் கீழே 'அம்மாவின் இஸ்பஹான்: பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி' என்று தலைப்புப் போட்டு, இடத்தைக் காலியாக விட்டிருந்தாய். சாயங்காலம் பெங்களூரிலிருந்து போன் செய்தாய். "அம்மா, நீ அப்ப வேல பாத்த கடையில கஸ்டமருங்களுக்குச் சொல்லுவியே, அந்தப் பாலம், அந்தப் பெரிய மைதானம், கண்ணு தெரியாத தாத்தா பொட்டி செய்யறது, அதெல்லாம் அப்டியே எழுதிக் குடு. பிரெஞ்சுல நான் மாத்திக்கறேன். வெள்ளிக்கிழமை மிஷன் வீதியில கடை தொறக்கறோம், அதுக்குள்ள வேணும்." நான் "பாக்கறேன்" என்றேன். போனை வைத்துவிட்டு வாஷ்பேசினுக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன். ஒரு தடவை போதவில்லை.

முதல் விஷயம். நான் ஈரானுக்குப் போனதே இல்லை. வடக்கே நான் போன தூரம் திருப்பதி. இது உனக்குத் தெரியாது என்பதே எனக்கு எவ்வளவு கேவலம், யோசித்துப் பார். உன் கல்யாணப் பந்தியில் உன் மாமனாரிடம் "எங்கம்மா ரெண்டு தடவ ஈரான் போய்ட்டு வந்தவங்க" என்று நீ பெருமையாகச் சொன்னாய். அவர் என்னைப் பார்த்து, "அங்க சாப்பாடெல்லாம் எப்படிங்க, ஒத்துக்குமா?" என்று கேட்டார். "ஒத்துக்கும், ரொட்டி நல்லா இருக்கும்" என்று இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கடைக்காகச் சொன்ன பொய் கடையோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். அது என் மகனின் வாய்க்குள் போய், சம்பந்தி வீட்டுப் பந்திவரை வந்துவிட்டது.

அந்தப் பொய் எப்படிப் பிறந்தது என்று சொல்கிறேன். உன் அப்பா இறந்த வருஷம் எனக்கு முப்பத்தொன்பது வயது. கான்வென்ட்டில் கற்ற பிரெஞ்சு ஒன்றுதான் கையில் இருந்தது. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தக் கடையில் அதை வைத்துத்தான் வேலை கிடைத்தது. எங்கள் முதலாளியை ஊரில் எல்லாரும் 'முசியே' என்பார்கள், பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கும். வாசலில் 'பாரசீகக் கைவினை' என்று பிரெஞ்சில் பலகை. உள்ளே கம்பளங்கள், நீல எனாமல் தட்டுகள், அச்சுத் துணிகள், பிறகு காத்தம் பெட்டிகள். காத்தம் என்றால் மரம், எலும்பு, பித்தளை மூன்றையும் ஊசிபோல் மெல்லிய குச்சிகளாக அராவி, நட்சத்திர வடிவில் கட்டி ஒட்டி, குறுக்கே சீவி, அந்தச் சீவலைப் பெட்டியின் மேல் பதிப்பது. ஒரு நட்சத்திரம் அரிசிமணியை விடச் சிறிதாக இருக்கும். இஸ்பஹான், ஷிராஸ் ஊர்களில் செய்கிறார்கள். எங்கள் பெட்டிகள் தட்டாஞ்சாவடியில் ஒரு தகரக் கொட்டகையில் செய்யப்பட்டன. மூன்று பெண்கள், அச்சடித்த பளபளப்புத் தாளை வெட்டி மரப்பெட்டியில் ஒட்டி, மேலே வார்னிஷ் அடிப்பார்கள். 'இஸ்பஹானில் கண் தெரியாத பெரியவர், விரலால் தடவித் தடவியே ஆறு மாதத்தில் ஒரு பெட்டி செய்கிறார்' என்று நான் சொன்னேனே, அந்தப் பெரியவர் இந்த மூன்று பெண்கள்தான். கம்பளம் மில்லில் நெய்தது. தேயிலைத் தண்ணீரில் நனைத்து மொட்டை மாடியில் காயப்போட்டால் ஐம்பது வருஷம் வயசாகிவிடும். மழைக்காலத்தில் அந்தக் கம்பளத்திலிருந்து வரும் புளித்த டீ நாற்றம் என் புடவையில் ஏறிவிடும். நீ சின்னப் பிள்ளையாக என் மடியில் படுத்து "அம்மா வாசனை" என்று சொன்னது அதைத்தான்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. லியோன் நகரத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள் தட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் முசியே பின்னாலிருந்து, "போன வருஷந்தான் போய்ட்டு வந்தாங்க" என்றார். அந்த அம்மாளின் கண் விரிந்தது. நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். தலையாட்டுவதற்கு ஒரு நொடி ஆகியிருக்குமா? அடுத்த நாள் முசியே ஒரு பழைய சுற்றுலாக் கையேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலிருந்த படங்களைப் பார்த்து, பெரிய மைதானத்தையும் முப்பத்து மூன்று வளைவுப் பாலத்தையும் காஷான் ஊரின் ரோஜாத் தோட்டங்களையும் மனப்பாடம் செய்தேன். ஒரு வருஷத்தில், பாலத்துக்கடியில் நின்று பாட்டுக் கேட்டதாகச் சொல்லும்போது எனக்கே புல்லரித்தது.

வாங்கியவர்களை நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவர்கள் மேல் பரிதாபம் வரவில்லை, என்ன செய்ய. பிரெஞ்சுக்காரர் காலத்து மஞ்சள் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வதற்காக யார் வீட்டு வாசல் கோலத்தையும் மிதிப்பவர்கள். கடைக்குள் வந்தால் பொருளைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கதை வேண்டும். தாத்தாவுக்குக் கண் தெரியாது என்றால் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டுவார்கள், அதே மூச்சில் கையில் பெட்டி ஏறிவிடும். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற தாத்தா என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்படிப்பட்டவர்களை ஏமாற்றுவதில் என்ன தப்பு என்று பல வருஷம் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

நீ கோயம்புத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நஸ்ரின் வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது; நீ லீவுக்கு வந்த நாட்களில் அவள் வரவில்லை. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்த ஈரான் பெண். பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். நான் அப்போது ஒரு தம்பதிக்கு இங்கிலீஷில் கண் தெரியாத தாத்தா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஓரமாக நின்று முழுக்கக் கேட்டாள். அவர்கள் பெட்டியை வாங்கிக்கொண்டு போனதும் பக்கத்தில் வந்தாள். நாங்கள் பேசியது இங்கிலீஷில்தான். உனக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

"அந்தப் பெரியவரை எந்தத் தெருவுல பார்த்தீங்க?" என்றாள். "எங்க அப்பா இஸ்பஹான்ல காத்தம் வேலைதான் செய்யறார். அவருக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும்."

அவள் முகத்தில் கிண்டல் ஒரு துளிகூட இல்லை, தம்பி. ஊர்ப் பெயரைக் காதால் கேட்ட சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். திருப்பினாள். ஓரத்தை நகத்தால் மெல்லக் கீறினாள். தாள் சுருண்டு எழுந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தித் திரும்ப ஒட்டிவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "இது காத்தம் இல்ல, ஆன்ட்டி. காகிதம்" என்றாள்.

"தெரியும்" என்றேன். அந்தக் கடையில் நான் சொன்ன முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அவள் சிரித்துவிட்டாள். அப்படித்தான் பழக்கமானோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து நம் லாஸ்பேட்டை வீட்டுக்கு வருவாள். முதல் தடவை வந்தபோது பேச்சு மும்முரத்தில் சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவளோ கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டி, மொறுமொறுப்பான அந்தத் தீய்ந்த பாகத்தைத் தட்டில் போட்டுக்கொண்டாள். "எங்க வீட்டுல இதுக்குச் சண்டையே வரும். இதுக்குப் பேரு தஹ்தீக்" என்றாள். அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேண்டுமென்றே சோற்றை அடிப்பிடிக்க வைத்தேன். நீ இல்லாத வீட்டில் ஒரு பிள்ளை சுரண்டிச் சாப்பிடுகிற சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். நான் அவளை நேசித்தேன். நேசித்துக்கொண்டேதான் மற்றதைச் செய்தேன்.

அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நிஜக் கம்பளத்தின் பின்பக்கத்தில் முடிச்சு ஒவ்வொன்றும் தெரியும் என்றும், ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் நீட்சி, தனியாகத் தைத்ததாக இருக்காது என்றும் சொன்னாள். அப்பாவைப் பற்றிச் சொன்னாள். எலும்புத் தூள் நெஞ்சில் இறங்கி அவர் இருமுவது, அவருடைய இருமலை வைத்தே இன்று வேலை எவ்வளவு நடந்தது என்று அம்மா கண்டுபிடிப்பது, அவள் இந்தியாவுக்குக் கிளம்பிய அன்று அவர் விமான நிலையத்துக்கு வராமல் பட்டறையிலேயே இருந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அழுதாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஒரு பெல்ஜியம் நாட்டுக்காரருக்கு அந்தக் கதையை அப்படியே சொன்னேன். இருமல், விமான நிலையம், பட்டறை எல்லாவற்றையும். கண் தெரியாத தாத்தாவை விட இது நன்றாகப் போயிற்று. முசியே எல்லார் முன்னாலும் "இந்தம்மா வாயில சர்க்கரை இருக்கு" என்றார். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். இன்றைக்கு என்னை எனக்கே அருவருப்பாக்குவது அந்தச் சிரிப்புத்தான்.

அவளுக்கு இது தெரியாது. நான் மெல்ல மெல்ல நேர்மையான வியாபாரத்துக்குத் திரும்புகிறேன் என்று நம்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியில் சுற்றி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். பேனா வைக்கிற நீளப் பெட்டி. அவள் அப்பா அவளுக்கென்று செய்தது. மூடியைத் திறந்தால் உள்பக்கம்கூட நட்சத்திரங்கள். வெளிச்சத்தில் சாய்த்தபோது பித்தளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக மினுங்கி அணைந்தன. இத்தனை வருஷம் நான் எதன் பெயரைச் சொல்லி எதை விற்றேன் என்று அப்போதுதான் என் கண் கண்டது.

"இதைக் கடையில கண்ணாடிக்குள்ள வைங்க ஆன்ட்டி" என்றாள். "நிஜமானது எப்படி இருக்கும்னு ஜனங்க பார்க்கட்டும். ஆனா விக்கக் கூடாது. நான் ஊருக்குப் போகும்போது வாங்கிக்குவேன்."

"இது உன் சொத்துடி. யாரு விக்கப் போறா" என்றேன்.

கடையில் வைத்தேன். அது எதற்குப் பயன்பட்டது தெரியுமா? வருகிறவர்களுக்கு அதைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். விரலால் தடவச் சொல்வேன். அவர்கள் கிறங்கிப்போய் நிற்கும்போது, "அதே பட்டறையில் செய்தது, கொஞ்சம் எளிமையான வேலை" என்று தட்டாஞ்சாவடிப் பெட்டியைக் கட்டிக்கொடுப்பேன். அவள் உண்மையைக் காட்டக் கொடுத்ததை நான் பொய்க்குத் தூண்டிலாகப் போட்டேன். இப்படி ஏழெட்டு மாதம்.

ஒரு டிசம்பர் மாதம், பாரிஸிலிருந்து வந்த ஒரு அம்மாள் அந்தப் பெட்டியைக் கையில் வாங்கினாள், கீழே வைக்க மறுத்துவிட்டாள். விவரம் தெரிந்தவள். மற்றவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது விற்பனைக்கு இல்ல மதாம்" என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் விலையை ஏற்றினாள். முசியே கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். அதட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் டிஷ்யூ தாளை எடுத்து, பெட்டியைச் சுற்றி, ரிப்பன் கட்டி, இரண்டு கையாலும் நீட்டினேன். அந்த மாதம் உன் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது, அதனால்தான் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அதுவும் பொய். ஃபீஸ் முந்தின மாதமே கட்டியாகிவிட்டது. உன் பெயரை என் அழுக்கைத் துடைக்கிற துணியாக வைத்திருந்தேன். அந்தக் கடையில் யாராலும் விற்க முடியாததை நான் விற்றேன் என்கிற கர்வம்தான் காரணம். வேறு எதுவும் இல்லை.

மூன்று மாதம் கழித்து நஸ்ரின் வந்தாள். படிப்பு முடிந்துவிட்டது, அடுத்த வாரம் விமானம் என்றாள். கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "திருட்டுப் போயிடுச்சும்மா. உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்." கண்ணில் தண்ணீர்கூட வந்தது எனக்கு. பெட்டி போனது அவளுக்கு, ஆனாலும் அவள் என்னைத்தான் தேற்றினாள். பிறகு, போலீஸில் எழுதிக் கொடுக்கலாம், நான் கூட வருகிறேன் என்றாள். அதைத் தடுக்க வேண்டுமே என்று, குரலைத் தாழ்த்தி, "வேணாம்மா, பாவம், கூட்டறவங்க மேலதான் சந்தேகம். போலீஸ்னு போனா அந்தக் குடும்பம் அழிஞ்சுடும்" என்றேன்.

கூட்டுகிறவள் பெயர் அஞ்சலை. வைத்திக்குப்பத்துக்காரி. என்னை விட ஐந்தாறு வயது சின்னவள். எனக்கு முன்பிருந்தே அந்தக் கடையில் இருந்தாள். ஒரு ஊசி கீழே கிடந்தாலும் எடுத்து மேஜைமேல் வைப்பாள்.

நஸ்ரின் விஷயத்தை அதோடு விடுவாள் என்று நினைத்தேன். அவள் யாரையும் கேட்காமல் அஞ்சலை வீட்டைத் தேடிப் போயிருக்கிறாள். மறுநாள் காலை நான் கடையைத் திறக்கும்போது அஞ்சலை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். விளக்குமாறு கையில் இல்லை.

"யம்மா, நான் எடுத்தேன்னு சொன்னியாமே?"

நான் பூட்டைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"அந்தப் பொண்ணு எங் கையப் புடிச்சிகினு அழுவுது. கோவம் இல்லியாம், பொட்டியக் குடுத்தா போதுமாம், அவங்கப்பன் செஞ்சதாம். எம் புள்ளைங்க, மருமவ, அக்கம்பக்கம் எல்லாம் பாத்துகினு இருக்குதுங்க. நான் இன்னா சொல்ல, சொல்லு."

"அஞ்சல, நான் அப்டி சொல்லல..."

"பொய் சொல்லாத." குரலை உயர்த்தவே இல்லை. "நீ டிஷு தாள்ல சுத்தி அந்த வெள்ளக்காரம்மாகிட்ட குடுத்தத நான் பாத்தேன். ரிப்பன் துண்டு கீழ வுழுந்துச்சே, அத நான்தான் கூட்டுனேன். நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல. சொன்னா யாரு நம்புவாங்க? நீயே போய் சொல்லு. ஒரு வாரம் இருக்குதாமே."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப்பின் அவள் கடைக்கு வரவில்லை. ஒரு வாரம் இருந்தது. ஏழு நாள். ஆறாம் நாள் நஸ்ரின் நம் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், எனக்கு ஒரு சால்வை கொடுத்தாள். நான் சொல்லவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

இந்த இடத்தில் நான் வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் உனக்குப் படிக்க நன்றாக இருக்கும். விடவில்லை. மேலும் ஆறேழு வருஷம் அங்கேயேதான் இருந்தேன். விமான நிலையத்துக்கு வராத அப்பாவின் கதையை மேலும் ஆறேழு வருஷம் சொன்னேன். முசியே கடையை மூடியபோதுதான் என் வாயும் மூடியது. நீ எனக்கு "ஹேப்பி ரிட்டயர்மென்ட்" என்று கேக் வெட்டினாய்.

வாயை மூடிய பிறகுதான் உள்ளே கிடந்ததெல்லாம் நாற ஆரம்பித்தது. போன வருஷம் முழங்கால் வலியோடு ஆட்டோ பிடித்து வைத்திக்குப்பம் போனேன். அஞ்சலை வலைப் பின்னலுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். தப்பு என்னுடையது, உன் பெயரைக் கெடுத்தேன், மன்னிக்கணும் என்றேன். நூல் சுற்றுவதை அவள் நிறுத்தவில்லை.

"எம் மருமவ ரெண்டு வருசம் பீரோ சாவிய இடுப்புல சொருவிகினு திரிஞ்சா, தெரியுமா?" என்றாள். "அதுக்கு நீ இப்ப வந்து இன்னா பண்ணப் போற? எங்கிட்ட சொல்லி ஆவப்போறது ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணுக்குச் சொல்லு. அது இன்னமும் என்னத் திருடின்னுதான நெனச்சுகினு இருக்கும்." உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நஸ்ரின் எழுதிக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி சமையல் நோட்டின் பின்னட்டையில் இருந்தது. நடந்ததை எல்லாம் இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன். பல வாரம் கழித்துப் பதில் வந்தது. 'ஆன்ட்டி' என்று ஆரம்பிக்கவில்லை, 'மேடம்' என்று ஆரம்பித்திருந்தாள். சில வரிதான். "இத்தனை வருஷம் ஒரு நல்ல மனுஷியைத் திருடி என்று நினைத்திருக்கிறேன். அதை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்வது என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். கடலோரக் காற்றில் பல மாதம் இருந்திருக்கிறதே, ஒட்டு நெகிழ்ந்திருக்கும், யாரிடம் இருக்கிறதோ அவரிடம் வெயில் படாமல் வைக்கச் சொல்ல முடியுமா என்றார். சொல்ல முடியுமா?" அவ்வளவுதான். அந்தப் பாரிஸ் அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. 'முடியாது' என்கிற ஒரு வார்த்தையை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அதற்குப் பதில் வரவில்லை. வரவும் வேண்டாம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேச்சோடு பேச்சாக, "தட்டாஞ்சாவடியில அதே ஆளுகிட்டதான் ஆர்டர் குடுத்திருக்கேன், சீப்பா முடிஞ்சுது" என்று சொன்னாய். உனக்கு எல்லாம் தெரியும், தம்பி. காகிதம் என்று தெரியும், மில் கம்பளம் என்று தெரியும். நான் ஈரான் போனது ஒன்றுதான் உனக்கு நிஜம் என்று பட்டிருக்கிறது. அதனால்தான் மற்ற பொய்களை எல்லாம் அதன் மேல் தைரியமாக அடுக்குகிறாய். அந்த அஸ்திவாரம் காலி. என் படத்தை எடுத்துவிடு. என் பெயரையும் எடுத்துவிடு. இஸ்பஹானுக்குப் போக நினைப்பவர்களுக்கு அங்கே போய்வந்தவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே ஒரு பட்டறையில் ஒரு மனிதர் இருமிக்கொண்டிருக்கிறார் என்பதுதான், அதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கடை வைக்காதே என்று சொல்லவில்லை. வை. அந்தத் தகரக் கொட்டகையில் இன்னமும் மூன்று பெண்கள் கை வலிக்க வலிக்கத்தான் ஒட்டுகிறார்கள். தாள் பெட்டி என்றே சொல்லி விற்றால் அதில் ஒரு கேவலமும் இல்லை. குண்டூசி போட, கம்மல் போட யாராவது வாங்குவார்கள். கதை கேட்டால் தெரியாது என்று சொல். 'தெரியாது' என்று சொல்ல நான் கற்றுக்கொள்ளவே இல்லை. லியோன் அம்மாளிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் முசியே என்னைத் திட்டியிருப்பார், அதிகபட்சம் வேறு வேலை தேடச் சொல்லியிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். நீ கோபப்படுவாய், தெரியும். உன் மனைவி என்னைவிட நல்ல பெண், அவளிடமும் இதைப் படிக்கக் கொடு. அவள் கேட்கிற முதல் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்.

கடைசியாக ஒன்று. மிஷன் வீதிக் கடைச் சாவியை என்னிடம்தானே கொடுத்து வைத்திருக்கிறாய். நேற்றும் முந்தாநாளும் காலையில் போய் உட்கார்ந்தேன். நீ இறக்கி வைத்திருக்கிற பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை நறுக்கி, எங்கே செய்தது, எதனால் செய்தது என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி, நூல் கோத்துக் கட்டியிருக்கிறேன். பத்தொன்பது வருஷம் இதையே விற்றவள், ஒன்றுகூடத் தப்பாக இருக்காது. பெட்டிக்குப் பெட்டி, தட்டுக்குத் தட்டு, எதையும் விடவில்லை. முடிச்சு இறுக்கமாகவே போட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால் நீ அறுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடை உன்னுடையது, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் வேலையாளை விட்டு அறுக்கச் சொல்லாதே. ஒவ்வொன்றையும் எழுத்தைப் படித்துவிட்டு உன் கையாலேயே அறு.

அம்மா